தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

''என் மருமகளுக்குத் தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். இப்போது உடம்பு தேறிவிட்டது. மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?''

- வாசகி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்.

நிறுத்தவே கூடாது. கழுத்தின் முன்பக்கம், வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. உணவில் உள்ள அயோடினைக் கொண்டு தைராக்ஸின் ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பு இயங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதுதான். இது குறைந்தால் அசதி, எடை கூடுதல், மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு வரும். மருமகள் உடம்பு தேறியதே மாத்திரையால்தான்.

முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸின்தான் ஆதாரம். கர்ப்ப காலத்தில் பலருக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எனவே, உடனே டி.எஸ்.ஹெச் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை நீங்களாக மாற்றக் கூடாது.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரையை விழுங்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால், தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.