முதல்ல மோட்டார் கொட்டகை, அப்புறம் சிப்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்தாச்சா? 'ஸ்மார்ட் இரிகேஷன்'னு எழுதியிருந்தா, இதைப் படிச்சிட்டுப் போங்க.

லேப்பில் நாம தட்டிப் பழகிய 8085, 1976-இல் இன்டெல் கொண்டுவந்த மைக்ரோபிராசஸர். அதற்கு மெமரி தனி, இன்புட் அவுட்புட்டுக்கு 8255 தனி. 1980-இல் வந்த 8051-இல் இது எல்லாமே ஒரே சிப்புக்குள் அடக்கம். எம்பெடட் சிஸ்டத்தின் அடிப்படையே அதுதான்: ஒரு வேலை, அதற்குத் தேவையான அளவு மூளை.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம்னு சொல்ற பாகூர் பக்கமோ, வில்லியனூர் பக்கமோ போனா, ஒரு மோட்டார் கொட்டகையை எட்டிப் பாருங்க. சிலவற்றில் ஸ்டார்ட்டர் பக்கத்தில் சிம் போட்ட சின்னப் பெட்டி இருக்கும். வீட்டிலிருந்தே போன் பண்ணி மோட்டாரைப் போடலாம். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலோ, போரில் தண்ணீர் வற்றினாலோ அதுவே நிறுத்திவிடும். நிறுத்தலைன்னா காயில் கருகிடும். ரீவைண்டிங் செலவு ஒரு பக்கம், மோட்டார் திரும்பி வரும்வரை பயிர் காய்வது இன்னொரு பக்கம்.

இதற்குப் பெரிய பிராசஸர் வேணுமா? ஆர்டுவினோ ஊனோவில் இருப்பது வெறும் 8 பிட் சிப். ரேம் 2 கேபி, வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ஒரு சுற்றுக்குள் அது 3,20,000 முறை துடிக்கும். தாராளமா போதும். ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' பிராசஸர் திட்டத்திலும் இப்படிப்பட்ட வேலைகளுக்காகவே 'ஈ-கிளாஸ்' என்று ஒரு சின்ன வகை உண்டு.

ஆனா நாம என்ன பண்றோம்? பூந்தொட்டியில் சென்சார் குத்தி, ஐந்து வோல்ட்டில் ஓட்டி, ரிவியூவில் கைதட்டல் வாங்கிட்டு வந்துடறோம். வயலில் அதே மலிவான ஈரப்பத சென்சாரின் கம்பி அரிச்சிடும். மோட்டார் நிற்கும்போது வரும் ஸ்பைக்கில் புரோகிராம் தொங்கிடும். அப்போ தானாக ரீசெட் பண்ண வாட்ச்டாக் டைமர் சிப்புக்குள்ளேயே இருக்கு. நம்மில் எத்தனை பேர் அதை ஆன் பண்ணியிருக்கோம்?

அதனால என் கருத்து இதுதான்: சிப்பை ஆர்டர் பண்ணும் முன் ஒரு நாள் முழுக்க அந்தக் கொட்டகையில் உட்காருங்க. "போன வருஷம் மோட்டார் எதனால போச்சு?" என்று அங்கிருக்கும் பெரியவரிடம் கேளுங்க. அவர் சொல்ற பதில்தான் உங்க ப்ராஜெக்ட். மார்க் எப்படியும் வந்துடும். நாம செஞ்சது ஒரு மழைக்காலமாவது அங்கே ஓடணும், இல்லையா?