பழைய அம்பாசிடர் வாங்கலாமா?

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1957-ஆம் ஆண்டு தொடங்கி 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரை உருவாகி வந்த அம்பாசிடர் மோட்டார் வண்டியை அறியாதார் நம் நாட்டில் அரியர். இங்கிலாந்து தேயத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி எழுந்த இவ்வண்டி, அமைச்சர்க்கும் ஆட்சியாளர்க்கும் ஊர்தியாய் நின்றது. வாடகை வண்டியாய் எளியோர் வீட்டு மணத்திற்கும் மருத்துவத்திற்கும் ஓடியது. ஆக்கம் நின்ற பின்னரும் இதன்பால் நம்மவர் கொண்ட அன்பு நின்றிலது. குறைந்த விலைக்குக் கிடைக்கின்றதே என்று, புதிதாக வேலையில் அமர்ந்த இளைஞரும் ஓய்வு பெற்ற முதியோரும் இதனை நாடுகின்றனர். அந்நாட்டம் தகுமா, தகாதா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது. விலை வேறு, செலவு வேறு. விலையை மட்டும் கண்டு வாங்குவார் கடனையும் உடன் வாங்குகின்றனர் என்பது எம் கருத்து.

முதற்கண் வண்டியின் உடலை நோக்குவோம். லாரிக்கு உள்ளது போன்ற தனிச் சட்டம் இதற்கு இல்லை; தகட்டுடலே சட்டமாகவும் நின்று சுமை தாங்குகின்றது. ஆதலின் துரு இதற்குத் தோல்நோயன்று; எலும்பு நோயேயாம். கதவின் கீழுள்ள பட்டை, கால் வைக்கும் தரைத்தகடு, சக்கர வளைவு, டிக்கியின் அடி ஆகிய இடங்களில் மழைநீர் தங்க, அங்கே துரு அரிக்கும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியாயின் கேடு இன்னும் மிகும். விற்பாருட் சிலர் அவ்விடத்தே பட்டி பூசி, மேலே பளபளவென வண்ணம் அடித்து நிறுத்துவர். காந்தத் துண்டொன்றை மெல்லிய துணியிற் சுற்றி ஆங்காங்கே ஒற்றிப் பார்ப்பின் உண்மை புலனாம்; இரும்புள்ள இடத்தில் ஒட்டும், தடித்த பட்டியுள்ள இடத்தில் ஒட்டாது. இயந்திரப் பழுதினும் டிங்கர் வேலையே பெருஞ்செலவாய் முடிதல் உண்டு.

இனி இயந்திரத்தைப் பார்ப்போம். பழைய பெட்ரோல் வண்டிகளில் உள்ள 1489 சி.சி. இயந்திரம் அமைப்பில் எளியது, பொறுமையும் உடையது. ஆயினும் முதுமைக்குரிய நோய்கள் அதற்கும் உண்டு. உப்புநீர் ஊற்றிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் படிவினால் அடைபடுதலின், கத்திரி வெயிலில் நெரிசலிடை நிற்குங்கால் நீர் கொதித்தெழும். அந்நிலையிலும் வண்டியை நிறுத்தாது ஓட்டிச் செல்வார் உளர். அதனால் ஹெட் கேஸ்கட் எரிந்து, சிறு செலவில் முடிய வேண்டிய வேலை பெருஞ்செலவாக வளரும். பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் எண்ணெய் ஆவியாகி, வண்டி நடுவழியில் நின்றுவிடுவதும் உண்டு. பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பதன்றி அப்போது ஓட்டுநர்க்கு வேறு வழியில்லை.

எரிபொருளிலும் இரு மாற்றங்கள் நேர்ந்துள்ளன. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் ஈயம் சேர்க்காத பெட்ரோலே விற்கப்படுகின்றது. முன்பு சேர்க்கப்பட்ட ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமற் காத்தது. வார்ப்பிரும்புத் தலையிலேயே வெட்டப்பட்ட பழைய இருக்கைகள் அஃதின்றித் தேய்கின்றன. ஆதலின் கடின இருக்கை பதித்துள்ளனரா என வினவி அறிதல் வேண்டும். 2025-ஆம் ஆண்டில் எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிற்று. பழைய ரப்பர்க் குழாய்களையும் டயபிரங்களையும் அது நைந்து பிளக்கச் செய்யும். கொதிக்கும் இயந்திரத்தின்மேல் பெட்ரோல் கசிந்தால் தீப்பற்றும் என்பது சொல்லாமலே விளங்கும். எத்தனாலைத் தாங்கவல்ல குழாய்களை வாங்கிய மாதத்திலேயே மாற்றிவிடுதல் நன்று.

இவற்றினும் இன்றியமையாதவை முன் சக்கரப் பகுதியும் பிரேக்கும். முன் சக்கரத்தின் கிங்பின்னுக்கும் அதனைச் சேர்ந்த மூட்டுகளுக்கும் காலந்தவறாது கிரீஸ் அடித்தல் வேண்டும். அடியாது விட்டால் அவை தேய்ந்து ஸ்டீயரிங்கில் ஆட்டம் காணும். டயர் ஒருபுறம் மட்டும் தேயும். பழைய மாதிரிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு. அந்நான்கிற்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்தே எண்ணெய் செல்கின்றது. எனவே ஒரு சக்கரத்தின் வீல் சிலிண்டர் ஒழுகினும் நான்கும் வலியிழக்கும். இவ்வாறிருக்க, வாங்கியவுடன் வண்ணத்திற்கும் புதுச் சீட்டுறைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பணத்தை இறைத்துவிட்டு, பிரேக்கை அடுத்த மாதம் பார்ப்போம் என்று ஒத்திப்போடுவார் பலர். இதனையே யாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். ஓட்டுவான் ஒருவன் உயிரோடு இது முடிவதன்று. சாலையில் நடந்து செல்லும் பள்ளிச் சிறுவனும் அவ்வண்டியின் பிரேக்கை நம்பியே நடக்கின்றான்.

நிற்க, வண்டி ஓடாது நின்றாலும் நில்லாத செலவுகள் சில உள. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் சட்டம். அதற்குரிய கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகட்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாயிற்று. நம் மாநிலத்தில் பசுமை வரியும் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு இன்றிச் சாலையில் இறங்குதல் குற்றம். 2022-இல் வகுத்த அளவின்படி 1489 சி.சி. வண்டிக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், பிற்காலத்து 1.8 லிட்டர் இசுசு இயந்திரம் பூண்ட வண்டிக்கோ 7,897 ரூபாய், வரி வேறு. எரிபொருளோ லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கிடைப்பின் அது நல்ல நிலையிலுள்ள வண்டி. லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டு, திங்களுக்கு 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கே 10,000 ரூபாய் ஆகின்றது. மாதச் சம்பளக்காரன் இக்கணக்கை வாங்குமுன் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

“புது வண்டி வாங்கினால் ஏழாண்டு தவணை கட்டவேண்டுமே, அதனினும் இது மேலன்றோ?” என வினவுவார் உளர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. இவ்வண்டியைப் பழுது பார்க்கக் கணிப்பொறி வேண்டுவதில்லை. சிற்றூர் மெக்கானிக்கும் சில ஸ்பேனர்களைக் கொண்டு சீர்செய்வார். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உறுப்புகளைத் தேடிப் பெறவும் கூடும். ஆனால் ஆக்கம் நின்று ஆண்டுகள் பல கடந்தன. இதன் நுட்பம் அறிந்த மெக்கானிக்குகளும் முதுமை எய்துகின்றனர். அவர் கைத்தொழிலைக் கற்பார் தொகை குறையுமாயின், மலிவான வண்டியும் மலிவாக இராது.

ஆகலின் எம் முடிபு இது. மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்புறம் காண்க. வாங்கும் விலைக்கு நிகரான தொகை வேறாகக் கையில் இருத்தல் வேண்டும். அதனுள் முதற்பங்கு பிரேக்கிற்கும் ஸ்டீயரிங்கிற்கும், அடுத்தது எரிபொருட் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும், மூன்றாவது துருவிற்கு. வண்ணம் கடைசியில் வருக. இவ்வாறு செய்ய இயல்வார் தயங்காது வாங்கலாம். அவர்க்கு இவ்வண்டி நெடுநாள் உழைக்கும். வட்டிக்குக் கடன் பெற்று வாங்கக் கருதுவாரோ பேருந்தில் செல்க. அதனால் அவர்க்கு யாதொரு குறையும் இல்லை. நண்பர்காள், நம்முட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் முதற் சம்பளம் பெறவிருக்கின்றோம். அன்று எவரேனும் பளபளக்கும் பழைய வண்டியொன்றைக் காட்டி மலிவு என்று கூறுவராயின், விலையை வினவுமுன் அதன் அடித்தகட்டைக் குனிந்து பாருங்கள்.