தங்கவயல் சைனைடு மலைகள்: தங்கம் போகும், தூள் எங்கே போகும்?

கோலார் தங்கவயலில் உள்ள சைனைடு மலைகளிலிருந்து மறுபடியும் தங்கம் எடுக்கும் மத்திய சர்க்காரின் யோசனைக்கு, கர்நாடக மந்திரிசபை 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் கொடுத்தது. மேடுகள் 13. பரப்பு சுமார் 1,000 ஏக்கர். குவிந்து கிடக்கும் பாறைத் தூள் 3 கோடியே 30 லட்சம் டன்.

வேலை வருமா என்பது ஒரு கேள்வி. தூசு கூடுமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டியவர்கள் ஒரே குடும்பத்தார்தான்.

மலை வந்த வழி

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் நடத்தத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து தமிழர்கள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை வெட்டினார்கள்.

பாறையை மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் கலந்தால் தங்கம் கரைந்து பிரியும். மிச்சத் தூளை வெளியே கொட்டினார்கள். சுமார் 800 டன் தங்கம் ஊரை விட்டுப் போயிற்று. தூள் மட்டும் மலையாக நின்றுவிட்டது.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது. பல குடும்பத்தார் மாரிக்குப்பம் ரயிலேறி, தினமும் பெங்களூர் வந்து பிழைக்கலானார்கள். லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே மலைகளும் இருந்தன.

சைனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையும். பாறைத் தூள் சிதையாது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். மழை பெய்தால் தாழ்வான நிலத்தில் இறங்கும். நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது சுரங்கத் தொழிலாளிக்குத் தெரியாததல்ல.

சட்டம் வந்தது பிறகு

சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீர்செய்யும் திட்டமும், அதற்கு முன்கூட்டியே பண உத்தரவாதமும் வேண்டும் என்ற விதி 2003-ல்தான் வந்தது. தங்கவயல் மூடி இரண்டு ஆண்டு கழித்து!

1996-ல், தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி காட்டியது. தொழில் வளர்ச்சியும் வேண்டும், சுற்றுச்சூழலும் காக்கப்பட வேண்டும். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. தங்கவயலில் கடைசியாகச் சுரங்கம் நடத்தியது மத்திய சர்க்கார் நிறுவனம். ஆகவே பொறுப்பு யாருடையது என்று தேட வேண்டியதில்லை.

கேட்க வேண்டியவை

இந்தத் தூளில் தங்கம் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அதாவது, தங்கத்தை எடுத்த பிறகும் மலை குறையப்போவதில்லை. முழுத் தூளும் மறுபடி எங்காவது கொட்டப்பட வேண்டும். எங்கே? இதுதான் முதல் கேள்வி.

வெட்டிய சுரங்கத்தையே தூளால் நிரப்பும் முறை உலகில் உண்டு. முடியாத இடத்தில் மேட்டை மண்ணால் மூடிச் செடி வளர்க்கலாம். தோண்டும்போதும் லாரியில் ஏற்றும்போதும் நீர் தெளிக்க வேண்டும். கழிவு நீர் ஓடையில் கலக்கக் கூடாது. இவற்றுக்கான பணத்தை ஏலம் எடுப்பவர் முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். உள்ளூர்க்காரருக்கு வேலையும், சுற்றுக் குடும்பங்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

செலவு கூடும், ஏலம் எடுக்க ஆள் வராது என்று சிலர் சொல்லலாம். செலவு எப்படியும் உண்டு. கம்பெனி கொடுக்காவிட்டால், லைன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கொடுப்பார். முன்பு அந்தக் கணக்கை யாரும் எழுதவில்லை. இந்த முறை மண்வெட்டி விழுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுவது நல்லது.