செத்தவர் சம்மதித்தாரா?

ஆன் பிராங்க் எனும் யூதச் சிறுமியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆம்ஸ்டர்டாம் நகரில், ஒரு கட்டடத்தின் பின்புறத்து மறைவறைகளில் இரண்டு ஆண்டுக் காலம் ஒளிந்து வாழ்ந்து, இறுதியில் நாஜிகளிடம் சிக்கி, 1945-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் மடிந்தவள். வயது 15. அவள் செய்த குற்றம் யாது? யூதருக்கு மகளாய்ப் பிறந்தாள். அது ஒன்றே குற்றம்!

அந்தச் சிறுமிக்கு, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில், டொமினிக்கன் குடியரசிலுள்ள மார்மன் கோயிலில், கிறித்தவ ஞானஸ்நானம் நடைபெற்றது. மாண்டு 67 ஆண்டுகள் கழித்து! உயிரோடுள்ள ஒருவர் அவளுக்குப் பதிலாக நின்றார், அவள் பெயர் சொல்லப்பட்டது, நின்றவர் தொட்டி நீரில் அமிழ்த்தி எடுக்கப்பட்டார், ஏட்டில் பதிவாயிற்று. முடிந்தது சடங்கு!

அவளைக் கேட்டனரா? இல்லை. கேட்க முடியுமா? முடியாது. கேட்க முடியாதவர் பெயரால் இதைச் செய்யலாமா? அதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 1830-இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பார் நிறுவிய சபை, 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது. மார்மன் சபை என்று உலகம் அழைப்பது இதனைத்தான். ஸ்மித்தின் மூத்த சகோதரர் ஆல்வின் 1823-இலேயே, ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோனார். ஞானஸ்நானம் பெறாதவர்க்கு மீட்பு இல்லை என்கிறது கோட்பாடு. அப்படியானால் அன்பு அண்ணனின் கதி? 1840-இல், இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், இறந்தோருக்காக உயிரோடிருப்போர் ஞானஸ்நானம் பெறலாம் என்று ஸ்மித் அறிவித்தார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15-ஆம் அதிகாரத்து 29-ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டினார். மக்கள் மிசிசிப்பி ஆற்றில் இறங்கி, மாண்ட உற்றார் பெயரால் மூழ்கி எழுந்தனர். ஆறு பிறகு தொட்டியாயிற்று. தொட்டி கோயிலுக்குள் சென்றது.

அண்ணனை எண்ணிக் கலங்கிய தம்பியின் துயரை நாம் எள்ளி நகையாடோம். அது மனித உள்ளம். ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நீரில் மூழ்காத நல்லவனும் மீட்படையான் என்று முதலில் ஒரு கொடுமையைக் கட்டினர். அந்தக் கொடுமை தம் வீட்டுக்குள்ளேயே புகுந்தபோது, கொடுமையைத் தூக்கி எறிந்தனரா? இல்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கொரு பரிகாரம் தேடினர். நோயை வளர்ப்பவரே மருந்தும் விற்கும் கதைதான் இது!

பரிகாரம் குடும்பத்தோடு நின்றதா? 1877-இல் யூட்டா மாநிலத்து செயின்ட் ஜார்ஜ் கோயிலில், சபைத் தலைவர்களுள் ஒருவரான வில்ஃபர்ட் வுட்ரஃப், அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்டோர்க்காக மூழ்கி எழுந்தார். அவர்களின் ஆவிகளே வந்து தம்மைக் கேட்டுக்கொண்டன என்றார். சாட்சி? அவரே! கையொப்பமிட்டோருள் ஒருவர் தாமஸ் ஜெஃபர்சன். யார் அவர்? சுவிசேஷப் புத்தகங்களைக் கத்தியால் வெட்டி, அற்புதங்களை அகற்றிவிட்டு, இயேசுவின் நீதிமொழிகளை மட்டும் தொகுத்து வைத்துக்கொண்டவர்! வாழ்நாளில் அற்புதத்தை வெட்டி எறிந்தவரை, மாண்டபின் அற்புதத்துக்கு ஆளாக்கினர். என்னே விந்தை!

சபையார் சொல்லும் விடை ஒன்று உண்டு. "நாங்கள் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. இது ஓர் அழைப்பு மட்டுமே. மறுவுலகிலுள்ள ஆவி விரும்பினால் ஏற்கலாம், இல்லையேல் மறுக்கலாம். எங்கள் உறுப்பினர் கணக்கில் அவர்களைச் சேர்ப்பதும் இல்லை" என்கின்றனர். நன்று! நாம் கேட்கிறோம்: மறுத்தவர் எத்தனை பேர்? மறுப்பைப் பதிய எந்த ஏட்டில் இடம் வைத்தீர்கள்? அழைப்பு என்றால் மறுமொழி வரவேண்டும். மறுமொழி வரவே முடியாத இடத்துக்கு அனுப்புவது அழைப்பாகாது. சடங்கு நடந்த நாள் ஏட்டில் ஏறுகிறது. செத்தவரின் 'வேண்டாம்' ஒருநாளும் ஏறப்போவதில்லை.

நம்மவருள்ளும் சில இளைஞர் கேட்கக்கூடும்: "ஆவியும் இல்லை, மறுவுலகும் இல்லை என்போர் நாம். எவரோ எங்கோ தொட்டியில் மூழ்கினால் செத்தவருக்கு என்ன நட்டம்? நனைந்தது சட்டைதானே!" கூர்மையான கேள்வி, ஆனால் பாதி வழியில் நின்றுவிடும் கேள்வி.

செத்தவருக்கு வலியில்லை, உண்மை. ஆயினும் அவர் எழுதிவைத்த உயிலை மதிக்கிறோம். அவர்மீது பொய்ப்பழி வந்தால் எதிர்க்கிறோம். ஏன்? மனிதன் மறைந்தபின் எஞ்சுவது, அவன் எப்படி வாழ்ந்தான், எதற்காக வாழ்ந்தான் என்ற உண்மை. அதைக் காப்பது உயிரோடிருப்போரின் கடமை. ஆவியை நம்புவோர்க்கு உள்ள கடமையைவிட, நம்பாத நமக்கு அந்தக் கடமை பெரிது. மேலுலகத்தில் திருத்தம் கேட்டு அவர் மனுப் போட முடியாது என்பதை அறிந்தவர் நாமல்லவா!

யூத மக்கள் ஏன் துடித்தனர் என்பதற்கு வரலாறு விடை கூறும். 1492-இல் ஸ்பெயின் நாட்டு அரசு அவர்கள்முன் வைத்தது இரண்டே வழி: ஞானஸ்நானம், அல்லது நாடு கடத்தல். 1858-இல் இத்தாலியின் பொலோஞா நகரில், வேலைக்காரப் பெண் ஒருத்தி கமுக்கமாக ஞானஸ்நானம் செய்துவிட்டாள் என்ற காரணம் காட்டி, எட்கார்டோ மொர்த்தாரா எனும் ஆறு வயது யூதச் சிறுவனைப் போப்பாண்டவர் ஆட்சியின் காவலர் பெற்றோரிடமிருந்து பறித்துச் சென்றனர். ஆக, கேளாமல் தெளித்த நீர் அம்மக்களுக்கு வெறும் நீரன்று, கண்ணீர்!

நாஜிக் கொலைக்கூடங்களில் மாண்ட ஏறத்தாழ 3,80,000 யூதர்களின் பெயர்கள் மார்மன் பதிவேடுகளில் ஏறியிருந்தன. ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய எர்னஸ்ட் மிச்செல், தம் பெற்றோர் பெயரையும் அங்கே கண்டார். போராட்டம் எழுந்தது, 1995-இல் உடன்பாடு ஏற்பட்டது, பெயர்களை நீக்குவதாகச் சபை ஒப்பியது. பின்னும் நின்றதா? நாஜிக் கொலைஞரைத் தேடிக் கண்டுபிடித்து நீதியின்முன் நிறுத்தப் பாடுபட்ட சைமன் வீசெந்தாலின் பெற்றோருக்கு 2012-இல் இச்சடங்கு நடந்தது; சபை மன்னிப்புக் கேட்டது. காந்தியார் பெயருக்கும் நடந்திருந்ததாக அவ்வாண்டே செய்தி வந்தது. இட்லரின் பெயரும் அப்பதிவேட்டில் இருந்ததை ஆராய்ந்தோர் வெளியிட்டனர். கொன்றவனுக்கும் அதே தொட்டி, கொல்லப்பட்டவருக்கும் அதே தொட்டி!

செத்தவரிடம் இத்துணைத் தாராளம் காட்டிய சபை, உயிரோடிருந்தோரிடம் எப்படி நடந்தது? ஜேன் மானிங் ஜேம்ஸ் எனும் கறுப்பினப் பெண்மணியின் வரலாற்றைக் கேளுங்கள். ஸ்மித்தின் காலத்திலேயே சபையில் சேர்ந்து, நாவூ நகருக்குப் பெரும்பகுதி வழியை நடந்தே கடந்து வந்தவர். ஸ்மித் வீட்டில் ஊழியம் செய்தவர். கோயிலின் உயர்சடங்குகளைத் தமக்கும் வழங்குமாறு ஆண்டாண்டாய் மன்றாடினார். நிறம் குறுக்கே நின்றது. 1894-இல் அவருக்குக் கிடைத்தது யாது? மறுமையிலும் ஸ்மித்துக்கு ஊழியக்காரியாக இருக்கும் 'பேறு'! அந்தச் சடங்குக்குக்கூட அவரை உள்ளே விடவில்லை. உயிரோடிருந்த அவருக்குப் பதிலாக வெள்ளைப் பெண்மணி ஒருவர் நின்றார். 1908-இல் ஜேன் மறைந்தார். 1978-இல்தான் நிறத்தடை நீங்கியது. 1979-இல், அவர் கேட்ட சடங்கை, வேறொருவரை நிறுத்தி அவர் பெயருக்கு நடத்தினர். வாய்திறந்து கேட்டவருக்குக் கதவை மூடினர். கேளாத சிறுமியை உள்ளே இழுத்தனர். இதுவா அருள்?

இன்று விதிகள் கடுமையாகியுள்ளன. அதையும் சொல்வது நேர்மை. சொந்த முன்னோரின் பெயரையே தரவேண்டும். 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவராயின் நெருங்கிய உறவினரின் இசைவு வேண்டும். நாஜிகளால் மாண்ட யூதரின் பெயரையும் புகழ்பெற்றோர் பெயரையும் தருவோர்மீது நடவடிக்கை உண்டு என்று 2012-இல் எச்சரித்தனர். வரவேற்கிறோம். ஆனால் வேர் அப்படியே இருக்கிறது. முன்னோராயின் கேளாமல் செய்யலாம் என்பது எந்த நியாயம்? பாட்டனின் நிலத்துக்குப் பேரன் வாரிசாகலாம். பாட்டனின் மனச்சான்றுக்கு எவரும் வாரிசாக முடியாது! யூதராய், முஸ்லிமாய், கத்தோலிக்கராய், நாத்திகராய் வாழ்ந்து மடிந்தவரின் முடிவை, நான்கு தலைமுறை கழித்துப் பிறந்தவன் திருத்துவதற்கு உரிமைப்பத்திரம் தந்தது யார்?

சால்ட் லேக் நகருக்கு அருகே, கருங்கல் மலையைக் குடைந்து, உலக நாடுகளின் பிறப்பு இறப்புப் பதிவுகளைச் சுமார் 24 இலட்சம் நுண்படச் சுருள்களில் அச்சபை காத்துவருகிறது. வரலாற்றாசிரியருக்கு அது பெருங்களஞ்சியம். காக்கட்டும், போற்றுவோம்! முன்னோரை நினைக்கட்டும், அவர்பொருட்டுத் தம் வழியில் வேண்டிக்கொள்ளட்டும், அது அவர் உரிமை. நாம் கேட்பது ஒன்றே: உயிரோடிருக்கையில் "எனக்காகச் செய்யுங்கள்" என்று எழுதிக் கொடுத்தவர் பெயருக்கு மட்டும் செய்யுங்கள். மற்றவர் பெயரைத் தொடாதீர்கள்.

யூத மதத்தையோ கிறித்தவத்தையோ வேறெந்த மதத்தையோ தாங்குவதற்காக நாம் இதை எழுதவில்லை. நாம் நம்பாததை நம்பும் உரிமை இன்னொருவருக்கு உண்டு. மாண்டபின்பும் அவர் அதை நம்பியவராகவே நினைக்கப்படும் உரிமையும் உண்டு. வாதாடி ஒருவரை மாற்றுவது அறிவின் வழி. வாதாட வாயுள்ள வரையில் காத்திருந்து, வாய் மூடியபின் மாற்றுவது எந்த வழி? பகுத்தறிவாளன் எதிரியை நேருக்குநேர் சந்திப்பான், கல்லறையில் சந்திக்கமாட்டான்.