திருத்தி எழுதப்பட்ட நாவல்

1956ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று நியூயார்க் நகரில் ஹார்ப்பர் லீ என்ற பெண்ணுக்கு ஓர் உறை கிடைத்தது. விமான நிறுவனத்தில் பயணப் பதிவுப் பணியாளராக இருந்த அவர், ஓய்வு நேரத்தில் கதை எழுதி வந்தார். ஓராண்டுச் சம்பளத்திற்கு ஈடான பணத்தைத் தருவதாகவும், வேலையை விட்டுவிட்டு விரும்பியதை எழுதும்படியும் நண்பர்களான ஒரு தம்பதியர் அதில் குறிப்பிட்டிருந்தனர். அந்த உதவியால்தான் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்ற நாவல் பிறந்தது என்பர். அது பாதி உண்மைதான். முதலில் பிறந்தது வேறொரு கதை.

1957இல் அவர் பதிப்பகத்தில் கொடுத்த கையெழுத்துப்படியில் நாயகிக்கு 26 வயது. சொந்த ஊருக்குத் திரும்பும் அவள், தான் பெரிதும் போற்றிய தந்தையே கறுப்பின மக்களின் சம உரிமையை எதிர்ப்பதை அறிந்து மனமுடைந்து போகிறாள். பதிப்பாசிரியர் டே ஹோஹாஃபைக் கவர்ந்தவை, அதில் இடையிடையே வந்த சிறுவயது நினைவுகளே. அச்சிறுமியின் பார்வையில் கதையை மீண்டும் எழுதும்படி அவர் லீயைத் தூண்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திருத்தப்பணி நீடித்தது. ஒருநாள் வெறுத்துப்போன லீ, எழுதிய தாள்களைச் சன்னல் வழியே பனியில் வீசிவிட்டாராம். ஹோஹாஃப் தொலைபேசியில் கண்டித்த பிறகுதான் ஓடிப்போய்ப் பொறுக்கி எடுத்தாராம்.

அந்த முதல் படி, 'கோ செட் எ வாட்ச்மேன்' என்ற பெயரில் 2015இல் வெளிவந்தது. அதைப் புதிய நாவலைப் போல் விற்றது சரியன்று. ஒரு படைப்பு எப்படி உருமாறியது என்பதைக் காட்டும் சான்றாகப் படித்தால் மட்டுமே அதற்கு மதிப்புண்டு.

உருமாற்றத்தின் பயனைச் சிறைச்சாலைக் காட்சி ஒன்றே உணர்த்தும். கதை 1930களில் அலபாமா மாநிலத்தில் நடக்கிறது. செய்யாத குற்றத்திற்காகச் சிறையில் இருக்கும் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவரைக் கொல்ல இரவில் ஒரு கும்பல் வருகிறது. அவருடைய வழக்கறிஞர் அட்டிகஸ் சிறை வாசலில் தனியே காவல் இருக்கிறார். அவருடைய மகள் ஸ்கவுட் கும்பலுக்குள் புகுந்து, தன் வகுப்புத் தோழனின் தந்தையை அடையாளம் கண்டு, அவருடைய மகனைப் பற்றி வெள்ளந்தியாக விசாரிக்கிறாள். அவர் தலைகுனிகிறார், கும்பல் கலைகிறது. 26 வயதுப் பெண் அதே சொற்களைப் பேசியிருந்தால் அது வெறும் தந்திரமாகவே தோன்றியிருக்கும்.

1960இல் வெளிவந்த நாவல், மறு ஆண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது, 1962இல் திரைப்படமானது, 3 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றுள்ளது. எதிர்ப்பும் குறையவில்லை. 1966இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பள்ளி வாரியம் இதனை ஒழுக்கக்கேடான நூல் என்றது. அந்த வாரியத்தாரை முதலாம் வகுப்பில் சேர்க்க உதவட்டும் என்று கூறி, லீ ஒரு சிறு தொகையை நாளிதழ் ஒன்றுக்கு அனுப்பி வைத்தார்!

இன்று எழும் எதிர்ப்பை அவ்வாறு கேலி செய்து ஒதுக்க முடியாது. நூலில் வெள்ளை வழக்கறிஞரே நாயகர். உயிரை இழக்கும் டாம் ராபின்சனோ நீதிமன்றத்திற்கு வெளியே பேசுவது மிகக் குறைவு. இது நியாயமான குறை. நாவலுக்கு உயிரூட்டிய சிறுமியின் பார்வைதான் அதற்கு வேலியும் போட்டது. தங்கள் வீட்டில் சமைக்கும் கல்பூர்னியாவுக்கென்று தனி வாழ்க்கை உண்டு என்பதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் தேவாலயம் செல்லும்போதுதான் ஸ்கவுட்டுக்குத் தெரிகிறது.

இக்குறைக்காக நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குவதைவிட, அதன் அருகில் இன்னொரு நூலை வைப்பது மேல். கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை' அதற்குப் பொருத்தமானது. அதே 1930கள், அண்டை மாநிலமான மிசிசிப்பி, அங்கும் கதை சொல்பவள் கேசி என்னும் சிறுமி. ஸ்கவுட் நீதிமன்ற மாடத்தில் அமர்ந்து பார்த்த அநீதி, கேசிக்குப் பள்ளி செல்லும் வழியிலேயே காத்திருக்கிறது. மழையில் நடந்து செல்லும் அவள்மீதும் அவளுடைய சகோதரர்கள்மீதும், வெள்ளையினப் பிள்ளைகளை ஏற்றிய பேருந்து சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போகிறது.