கூரை போட்டாயிற்று என்றவர்கள் கூரையைப் பார்த்தார்களா?

மாரி தொடங்கிய இரண்டாவது கிழமை, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் நின்றேன். மழை விட்டு அரை மணி நேரமாகியும் கட்டிலுக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாளி, ஒரு சருவச்சட்டி. "தறப்பாள் கொட்டிலிலகூட இப்பிடி ஒழுகேல்லை தம்பி" என்றார் அந்த அக்கா. இறுதி யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு மீள்குடியேறியவர்.

ஓடு உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஓர் ஓடுகூட உடையவில்லை.

என் அப்பா ஓட்டு வேலை செய்தவர். ஏணியில் நின்று அவருக்கு ஓடு எடுத்துக் கொடுத்த பழக்கத்தில், அண்ணாந்து பார்த்ததும் விளங்கியது. கலிக்கட் ஓட்டுக்குச் சலாகைகளின் இடைவெளி ஏறக்குறைய ஓரடி இருக்கவேண்டும். இங்கே பல இடங்களில் அதைவிட இரண்டு விரற்கடை கூட. அந்தளவுக்கு ஓட்டின் மேல் ஓடு ஏறுவது குறைந்துவிடும். நேரே பெய்யும் மழைக்கு இது தெரியாது. வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை அந்த இடுக்கால் உள்ளே வரும். மரம் மிச்சம்பிடிக்க முகட்டையும் பதித்திருந்தார்கள். சரிவு போதாததால் தண்ணீர் வேகமாக ஓடாது. பச்சையாக ஏற்றிய கைமரங்கள் காய்ந்து வளைந்திருந்தன. முகட்டு ஓட்டுச் சாந்து வெடித்திருந்தது. தாழ்வார ஓரத்து ஓடுகளுக்கு ஆணியுமில்லை, கட்டுக்கம்பியுமில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரையைக் கடந்ததைக் கண்டவர்களுக்கு இதன் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை.

இது எந்தத் திட்டத்தின் வீடு என்பதை இங்கே எழுதவில்லை. ஒன்றை மட்டும் குறை சொல்லித் தப்பவும் முடியாது. போருக்குப் பின் வடக்கு, கிழக்கில் பெருமளவு வீடுகள் பயனாளியே கட்டும் முறையில் எழுந்தன. அவற்றில் பெரியதான இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012 முதல் சுமார் 46 ஆயிரம் வீடுகள். ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வந்தது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே காலத்தில் ஊர் முழுக்கக் கட்டத் தொடங்கியபோது மேசனுக்கும் தச்சனுக்கும் தட்டுப்பாடு. மணலும் மரமும் விலையேறின. சாந்து குழைக்கப் பழகிய பெடியனும் அந்த நாட்களில் மேசன்தான். அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் முடிந்தால் அடுத்த கொடுப்பனவு என்ற ஒழுங்கில், கூரை இருக்கிறதா என்பதே கேள்வியானது. எப்படி இருக்கிறது என்பதல்ல.

"வந்தவை முத்தத்தில நிண்டு படம் எடுத்தவை. அண்ணாந்தும் பாக்கேல்லை" என்றார் அக்கா.

வெயில் நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று பாருங்கள். ஓட்டு வரிசைக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் இடைவெளி பிழை. வெளியே நின்று முகட்டுக் கோட்டைப் பாருங்கள். நடுவில் தாழ்ந்திருந்தால் மரம் இறங்குகிறது. சலாகையைத் தட்டிப் பாருங்கள். கோறையாகக் கேட்டால் கறையான். சாந்தை அள்ளி அப்பினால் ஒரு மாரிக்குத் தாங்கும், அவ்வளவுதான். சலாகையைக் கழற்றி அளந்து திரும்ப அடிக்கவேண்டும். ஓடு பெரும்பாலும் மிஞ்சும் என்பதால் செலவு மரத்துக்கும் கூலிக்கும்தான்.

அந்தச் செலவுக்குத்தான் வழியில்லை. அக்காவிடம் ஏற்கெனவே இரண்டு நுண்கடன் புத்தகங்கள் இருக்கின்றன. திருத்த உதவி கேட்டுப் போனபோது, வீடு கிடைத்தவர்கள் பட்டியலில் பெயர் இருப்பதால் மறுபடி தரமுடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அவருடைய வீட்டுக்கு நேரே 'பூரணப்படுத்தப்பட்டது' என்று எழுதியிருக்கிறதாம்.