அளவு கேட்காத மெர்ச்சண்டைசர்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டுகிறேன். அதாவது, டி-ஷர்ட் கழுத்து அரை சென்டிமீட்டர் கூடிவிட்டால் செக்கிங் டேபிளில் போய் நின்று கத்துகிற உத்தியோகம். நான் போடுகிற சத்தத்தில் ஓவர்லாக் மெஷின் நின்றுவிடும் என்று கம்பெனியில் ஒரு கிண்டல் உண்டு. இப்பேர்ப்பட்ட ஆசாமி, 48 ஆயிரம் ரூபாய் கொடுத்த இடத்தில் ஒரு அளவுகூடக் கேட்காமல் திரும்பி வந்தேன்.

விஷயம் கார். செகண்ட் ஹாண்ட், நாலு கியர் ஆட்டோமேட்டிக். வீட்டம்மாவுக்காக வாங்கியது. "கிளட்ச் இல்லீன்னா நானே ஓட்டிக்குவேனுங்க" என்றாள். ஓட்டவும் செய்தாள். ஆறு மாதம் பையனை ஸ்கூலுக்குக் கூட்டிப் போனதெல்லாம் அவள்தான். அப்புறம் கியர் வழுக்க ஆரம்பித்தது. ஒரு ஒர்க் ஷாப்பில், "உள்ளே பிளேட்டெல்லாம் போயிருச்சுங்க" என்றார்கள். சீட்டை எடுத்துக் கட்டினேன்.

வண்டி வந்தது. 'டி'யில் போட்டால் யோசித்தது! ஒன்று, இரண்டு எண்ணலாம். பிறகு 'தொம்' என்று முதுகில் குத்திக் கிளம்பும். "புதுசுங்க, பழகிரும்" என்றார்கள். செருப்பா, பழகுவதற்கு?

ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் சிக்னல். நியூட்ரலில் போட்டிருந்தவள், பச்சை விழுந்ததும் 'டி' போட்டு பிரேக்கை விட்டாள். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் பனியன் பண்டல் ஏற்றிய டெம்போ. பின் சீட்டில் பையன். ஒரு சாண் இடைவெளியில் 'தொம்'! வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினவள் ரெண்டு மாசம் அதைத் தொடவில்லை.

எங்கள் நிட்டிங் ஃபிட்டர் அண்ணன்தான் கோயம்புத்தூர் பட்டறை ஒன்றுக்குக் கூட்டிப் போனார். பெட்டியைப் பிரித்து, மெக்கானிக் ஃபீலர் கேஜை எடுத்ததும் அண்ணன் முகத்தில் ஒரு பிரகாசம். "அட, நம்ம சாமான்!" ரிப் மெஷினில் டயலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி பார்க்க அவர் தினமும் செருகுகிற அதே தகடுகள்.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் ஹைட்ராமேட்டிக் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை சங்கதி பெரிதாக மாறவில்லை. (2014ல் செலெரியோவில் வந்த ஏ.எம்.டி. வேறு ஜாதி, அதில் சாதா கிளட்சைத்தான் இயந்திரம் மிதிக்கிறது.) ஒரு டிரம்முக்குள் ஸ்டீல் தட்டு, காகிதம் மாதிரி லைனிங் ஒட்டிய தட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கு. கீழே பிஸ்டன், மேலே பூட்டு வளையம். ஆயில் அழுத்தம் வந்தால் பிஸ்டன் அடுக்கை நெருக்கும், வண்டி கிளம்பும். அழுத்தம் போனால் தட்டுகள் விலகி நிற்க ஒரு துளி இடம் வேண்டும். அந்தத் துளியில்தான் சூட்சுமம். குறைந்தால், விட்ட பிறகும் தட்டுகள் உரசி, சூடேறிக் கருகும். கூடினால் பிஸ்டன் நெடுந்தூரம் நடக்க வேண்டும். அதுவரை வண்டி யோசிக்கும்.

லைனிங் தட்டு ஒன்றுக்குக் கால் மில்லிமீட்டர் என்பது பட்டறைக் கணக்கு. ஆனாலும் அந்தந்தப் பெட்டிக்கான கையேட்டில் போட்டிருப்பதுதான் சட்டம். என் பெட்டியில் நாலு தட்டு. கையேடும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் சொன்னது. கேஜ் செருகினார். இரண்டு!

"ஸ்டீல் தட்டுல ரெண்டு மெல்லிசு ரகம் கலந்திருக்குதுங்க" என்றார். புதுசுதான்; அளவு வேறு. சரியான தடிமனில் ரெண்டு போட்டார். லைனிங் தட்டுகளைச் சிவப்பு ஆயிலில் ஊறப் போட்டு எடுத்து அடுக்கினார். மறுபடி கேஜ். மிச்சம் மீதிக்கு வளையத்திலேயே நாலைந்து தடிமன் வைத்திருந்தார். கம்ப்ரசர் காற்றை ஆயில் துவாரத்தில் விட்டதும், பிஸ்டன் 'டப்' என்று ஏறி இறங்கியது. ஷாஃப்ட் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து, வாஷர் ஒன்றை மாற்றினார். ஒவ்வொரு அளவையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே.

அந்தக் காகிதத்தோடு பழைய ஒர்க் ஷாப்புக்குப் போய், "எவ்வளவு கேப் வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"கைக்கு கரெக்டா இருந்துச்சுங்களே!"

இந்த பதிலை எங்கள் செக்கிங் பெண்கள் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் கூரையைப் பிய்த்திருப்பேன். இங்கே, "சரிங்க" என்று வந்துவிட்டேன். முதல் பில்லில் அளவு கேட்காதவன் நான்தானே!

வண்டி வந்ததும் சாவியை நீட்டினேன். "மொதல்ல அந்தப் பாலத்துல நீங்க நிறுத்திக் காட்டுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டமில்லாத நேரம். ஏற்றத்தில் நிறுத்தி நியூட்ரல் போட்டேன். 'டி'. 'ஒன்று' என்று எண்ண வாயைத் திறப்பதற்குள் வண்டி பிடித்துக்கொண்டது. பக்கத்தில் சத்தமே இல்லை. பாலம் இறங்கி ஓரங்கட்டச் சொன்னாள்.

"எறங்குங்க. இப்ப நான் பாக்கறேன்."